பக்கத்து வீட்டுக்காரி என்று எழுதினேன்

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் தோன்றியது புனேயின் போபோடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் முன்னால். கல்லூரிக்காக நான் எழுதிய கேஸ் ஸ்டடியை அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஹடப்சரில் முப்பத்தெட்டு வயதுப் பெண், கல்யாணம் ஆகாதவள், பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை. பக்கத்து வீட்டுத் தாய் காசநோயில் இறந்துபோகிறாள். அந்தத் தாயின் ஒன்பது வயது மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள இவள் விரும்புகிறாள். மூன்றாவது பத்தி முடிந்ததும் அக்கா உச்சுக் கொட்டினார்.

"பாவம். யாரு பாப்பா இந்தப் பொம்பள? நம்ம கேஸ் மாரியே கீது."

கிண்டல் செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. கையில் இருந்த காயைக் கீழே வைத்துவிட்டு, பதில் வேண்டும் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்காவது புள்ளயக் குடுத்தாங்களா?"

அந்தப் பெண் அவர்தான். அந்தக் குழந்தை அவருடைய தங்கை மகள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

ஒரு கேஸ் ஸ்டடியை வேறு யாருக்கும் கொடுக்கும் முன், அது யாரைப் பற்றியதோ அவருக்கு, அவருடைய மொழியில், சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நொடியில் தோன்றியது இவ்வளவுதான். எனக்கு யோசனைகள் சுலபமாக வரும். ஒரு நாளைக்கு நாலு வரும், மூன்றை மறுநாளே மறந்துவிடுவேன். இது போகவில்லை. ஏனென்றால் இதற்கு அடியில் ஒரு பயமும் சேர்ந்து வந்தது. 'பக்கத்து வீட்டுக்காரி' என்று என் வாயால் தமிழில் சொன்னபோதுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. இதை நான் இன்னொரு இடத்திலும் எழுதியிருக்கிறேனோ?

முதலிலிருந்து சொல்கிறேன்.

சமூகப்பணி முதுகலையில் இரண்டாம் வருடம், களப்பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையின் சமூகசேவைப் பிரிவில் என்னைப் போட்டார்கள். எட்டாம் வகுப்புவரை கோயம்புத்தூரில் படித்துவிட்டு, அப்பாவின் வேலையோடு புனே வந்து, வானவடியில் ஓர் அடுக்குமாடியில் வளர்ந்தவள் நான். என் வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வார்டில் யாராவது தமிழ் பேசினால் எனக்குக் கால் தரையில் நிற்காது. டயாலிசிஸ் வார்டின் வாசலில் ஒருநாள், "மாத்திர போட்டுக்கினியா இல்லியா, வாயத் தொறந்து சொல்றி" என்று ஒரு குரல் அதட்டியதும் உள்ளே ஓடிப்போய், "அக்கா, நீங்க தமிழுங்களா?" என்று கேட்டேன். அதட்டியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படுக்கையில் கிடந்த தங்கையிடம் திரும்பி, "பாத்தியா, நம்மளத் தமிழ்ல திட்டறதுக்கும் ஆள் வெச்சிருக்காங்க ஆஸ்பத்திரில" என்றார். தங்கை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா கட்கியில் தொழிற்சாலை வேலை, வீடு போபோடியின் குறுகலான ஒரு கல்லியில், ஞாயிறு தமிழ் ஆராதனை. தங்கை சோலாப்பூர்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். மகளுக்கு இரண்டு வயதாகும்போது கணவர் சாலை விபத்தில் போய்விட்டார். அதன்பிறகு அக்கா, தங்கை, குழந்தை மூவரும் ஒரே அறையில். தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி மூன்று வருடம்.

அக்காவுக்குப் பள்ளிக்கூடப் பேருந்தில் வேலை. பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கணக்கு வைக்கும் மாவ்ஷி. முப்பத்திரண்டு பேர். ஏறும்போது ஒவ்வொரு தலையிலும் ஒரு விரலால் தட்டி, ஏக், தோன், தீன் என்று எண்ணுவார். தங்கை மகளும் அதே பள்ளி, அதே பேருந்து. அவள் எப்போதும் கடைசியில் ஏறுவாள், முப்பத்திரண்டாவது தலை, பத்தீஸ். சாயங்காலம் இருவரும் சீருடையோடு நேராக வார்டுக்கு வருவார்கள். அவள் கட்டில் ஓரத்தில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். "நீங்க எழுதறத யாரு திருத்துவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். எங்கள் புரொஃபசர் என்றேன். "தப்பு இருந்தா?" என்றாள். மார்க் குறையும் என்றேன். அவ்வளவுதானா என்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை தங்கை இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் நான் போபோடிக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. குழந்தைக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும், குழந்தைகள் நலக் குழுவிடம் போய் முறையாக எழுதி வாங்கிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அப்போதுதான் சிறார் நீதிச் சட்டத்தை வகுப்பில் முடித்திருந்தோம். எனக்குப் பிரிவு எண்கள்கூட மனப்பாடம்.

"என் தங்கச்சி புள்ளய நான் வெச்சிக்கறதுக்கு யார பாப்பா கேக்கணும்?" என்றார்.

கேட்க வேண்டாம்தான். அந்தக் கல்லியில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் நான் விடவில்லை. நாளைக்குப் பள்ளியில் கையெழுத்து, ஆதாரில் மாற்றம், ஆஸ்பத்திரியில் சம்மதம், எதற்கும் காகிதம் இல்லாமல் திண்டாடக் கூடாது என்று விரல்விட்டுச் சொன்னேன். விசாரணை முடியும்வரை குழந்தையை ஓர் இல்லத்தில் வைத்திருப்பார்கள், அது வெறும் பத்து நாள் என்றும் சொன்னேன். பத்து நாள் என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அக்கா பத்து நாளைக்கு வேண்டிய துணியை மட்டும் மடித்து வைத்துக் குழந்தையை அனுப்பினார்.

அந்த வாரம் என்னிடம் இரண்டு எழுத்து வேலைகள் இருந்தன. ஒன்று கல்லூரிக்குக் கேஸ் ஸ்டடி. இன்னொன்று மருத்துவமனையிலிருந்து குழுவுக்குப் போக வேண்டிய வீட்டு விசாரணை அறிக்கை. இரண்டும் இதே குடும்பத்தைப் பற்றித்தான்.

கேஸ் ஸ்டடி எழுதுவதில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பெயரை மட்டும் எடுத்தால் போதாது. அந்த ஆளைத் தெரிந்தவர் படித்தாலும் அடையாளம் தெரியக் கூடாது. ஆகவே ஊரை மாற்ற வேண்டும், நோயை மாற்ற வேண்டும், வேலை, உறவுமுறை, எது ஆளைக் காட்டிக்கொடுக்குமோ அதை மாற்ற வேண்டும். எனக்கு அது ஒரு விளையாட்டு போலப் பிடித்திருந்தது. போபோடியை ஹடப்சர் ஆக்கினேன். சிறுநீரகத்தைக் காசநோய் ஆக்கினேன். பெரியம்மாவைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கினேன். பேருந்துதான் ரொம்ப இடித்தது. குழந்தை போகும் அதே பேருந்தில் வேலை பார்க்கும் பெரியம்மா என்று எழுதினால் இந்த ஊரில் அது ஒரே ஒருத்திதானே? அதனால் பேருந்தை எடுத்துவிட்டு, பகலுக்கு நேரெதிராக இரவு வேலை கொடுத்தேன். புரொஃபசர் ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார், ரகசியம் காப்பதில் முன்மாதிரி என்று. அதை ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அறிக்கை கொடுக்க மறுநாள்தான் கடைசி. புதிதாக எழுத உட்கார்ந்தேன். கேஸ் ஸ்டடி வேறு அவ்வளவு நன்றாக அமைந்திருந்ததா, அதையே எடுத்து மாற்றினால் என்ன என்று தோன்றியது. பெயர்களைத் திரும்பப் போட்டேன். போபோடி முகவரியைப் போட்டேன். நோயைச் சரிசெய்தேன். குழந்தைக்கு இவரிடம் எவ்வளவு ஒட்டுதல் என்று உருக்கமாக இரண்டு பத்தி சேர்த்தேன். எங்கள் பிரிவின் பொறுப்பாளரான மேடம் ஒரு பார்வை பார்த்து, மொழி நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். அவர் அக்காவை நேரில் அதிகம் பார்த்ததில்லை. என்னை நம்பினார்.

குழு கூடிய நாளில் எனக்குத் தேர்வு. அக்கா தனியாகத்தான் போனார். சாயங்காலம் ஃபோன் செய்து, குழுவில் தன்னிடம், நீ குழந்தைக்கு யார் என்று இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னார். பெரியம்மா என்றேன், ஏதோ ஒரு மாதிரி பார்த்துக்கொண்டார்கள், அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள் என்றார். நான் கொதித்துப்போனேன். அன்றைக்கு என் நண்பர்களிடம் அந்தக் குழுவை நான் திட்டாத திட்டு இல்லை.

அத்தாட்சி என்பது லேசில் கிடைக்கவில்லை. அக்கா பிறந்தது புனேயில், ஞானஸ்நானம் இங்கே. அடுத்த பிரசவத்துக்கு அவர்கள் அம்மா பிறந்தவீடு போயிருக்கிறார், அதனால் தங்கையின் ஞானஸ்நானம் வேலூர்ப் பக்கம் ஒரு சபையில். ஆதாரில் ஒருவருக்கு அப்பா பெயர் பின்னால், இன்னொருவருக்குக் கணவர் குடும்பப் பெயர். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் இருவருக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். நான் ஸ்கூட்டரில் அலைந்தேன். சபை அலுவலகம், பழைய தொழிற்சாலைக் குடியிருப்பு, தங்கை படித்த பள்ளி. வேலூர்ச் சபைக்குக் கடிதம் எழுதினேன், வாரம் மூன்று தடவை ஃபோன் செய்தேன். "ஊருக்கெல்லாம் நாயம் சொல்றவளுக்குச் சோறு திங்க நேரமில்லீங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்வது காதில் விழும். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு அலைந்தவள் அந்த அறிக்கையை ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கலாம். நான் எழுதியதில் என்ன பார்க்க இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் ஐந்து வாரமானது. பார்வையாளர் நாளில் அக்கா இல்லத்துக்குப் போவார். முதல் தடவை குழந்தை அழுதாளாம். மூன்றாம் தடவை அழவில்லையாம். அதுதான் தன்னால் தாங்க முடியவில்லை என்று சொன்னார்.

இதற்கிடையில் குழந்தையின் அப்பா வழியில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து, சோலாப்பூரில் இருந்த பெரியப்பாவுக்குத் தகவல் போயிருந்தது. அவர் வந்தார். கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் நல்ல மனிதர். தம்பி இறந்தபிறகு இவர்களைச் சரியாக விசாரிக்காமல் இருந்துவிட்டோமே என்று குழுவின் முன்னால் கண்கலங்கினார். மனைவியையும் கூட்டிவந்திருந்தார். தம்பியின் கல்யாணப் பதிவு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக வைத்திருந்தார். எந்தக் குழுவாக இருந்தாலும் அவரிடம்தான் கொடுக்கும். கொடுத்தார்கள். ஆணையில் அக்காவைப் பற்றி இருந்தது ஒரே வரி: உறவு நிரூபிக்கப்படவில்லை, வேலை நேரம் குழந்தைக்கு உகந்ததாக இல்லை.

வேலை நேரம் என்ற சொல்லை நான் அன்றே படித்தேன். படித்தும் எனக்குப் புரியவில்லை. பள்ளிப் பேருந்து வேலையைக்கூடக் கேவலமாக நினைக்கிறார்களா என்றுதான் கோபப்பட்டேன்.

வேலூர்ச் சபையின் கடிதம், முத்திரை குத்தி, ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலோடு, இரண்டு வாரம் கழித்து வந்தது.

அதை எடுத்துக்கொண்டுதான் அந்த ஞாயிறு போபோடிக்குப் போனேன். கூடவே கேஸ் ஸ்டடியையும் எடுத்துப் போனேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவருடைய கதையை ஒரு வகுப்பே உட்கார்ந்து கேட்டது, இரண்டு பேர் அழுதார்கள் என்று சொல்ல நினைத்தேன்.

அவளுக்காவது குடுத்தாங்களா என்று அவர் கேட்டதும், "அக்கா, அது நீங்கதானுங்க" என்றேன்.

"நானா? நான் எப்ப நைட் டூட்டி போனேன்?"

விதியைச் சொன்னேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக மாற்றினேன் என்றேன். அவர் சிரித்தார். "நல்லா போட்ட போ வேஷம். எனக்கே தெரியல" என்றார். மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தார். நான் அங்கே உட்கார முடியாமல் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

திங்கள் காலை மருத்துவமனையில் கோப்பை எடுத்தேன். இரண்டாம் பக்கம், நடுவில். 'இறந்தவரின் பக்கத்து வீட்டில் வசிப்பவர். தனியார் தொழிற்சாலையில் இரவு நேரப் பணி.' அக்காவின் உண்மைப் பெயருக்கும் உண்மை முகவரிக்கும் கீழே.

மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன். அவர்கள் தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். எதை எழுதினால் அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் குழந்தை பொருந்தாதோ, அதையெல்லாம் தேடித் தேடி எடுத்திருந்தேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்து நான் மறைத்த பேருந்துதான், குழுவின் முன்னால் அவருக்காகப் பேசியிருக்கக் கூடிய ஒரே சாட்சி.

சொல்லிவிட வேண்டும் என்று தெரியும். புதன் மதியம் பள்ளி வாசலில் போய் நின்றேன். அக்கா ஒவ்வொரு தலையாகத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். ஏக்தீஸ், முப்பத்தொன்று என்றதும் கை அடுத்த தலைக்காகக் காற்றில் போய், நின்று, கதவைச் சாத்தியது. என்னைக் கவனிக்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பேருந்து கிளம்பியதும் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே, ஊரின் பாதியைச் சுற்றினேன். கடைசிக் குழந்தை இறங்கியபிறகு பேருந்தை ஓரமாக நிறுத்தி ஓட்டுநர் டீ குடிக்கப் போனார். அக்கா சீட்டுகளுக்கு அடியில் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். படியில் நின்றபடி சொன்னேன். நீட்டி முழக்காமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் ஒரு பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். ரொம்ப நேரம் இறுக்கினார்.

"அப்ப அன்னிக்கி அவங்க என்னப் பொய்க்காரின்னு நெனச்சிக்கினாங்களா?"

"ஆமாங்க்கா."

"நான் சொந்தப் பெரியம்மான்னு சொல்லச் சொல்ல."

அவர் பாட்டில்களை முன்சீட்டில் வரிசையாக வைத்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "நீங்க போங்க மேடம். வண்டி எடுக்கணும்" என்றார். அதுவரை என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

எங்கள் பொறுப்பாளர் மேடத்திடம் மறுநாள் சொன்னேன். அவர் தன் கையெழுத்தை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. திருத்திய அறிக்கை ஒன்றை, எப்படித் தவறு நடந்தது என்று விளக்காமல், புதிதாக அனுப்பலாம் என்றார். என் பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை, அவருக்கு ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிறது. நான் முடியாது என்றேன். நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு எழுதப்போகிறேன் என்று ஆரம்பித்து, நெறி, நேர்மை என்றெல்லாம் பேசினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உனக்கு உன் மனசு சுத்தமாக வேண்டுமா, அந்தக் குழந்தை திரும்பி வர வேண்டுமா, எது என்று ஹிந்தியில் கேட்டார். குழந்தைதான் என்றால் இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதே, உன்னைப் பற்றி நாலு வரி போதும் என்றார். நான் எழுந்து வாசல்வரை போனதும் கூப்பிட்டு, அதிலும் கையெழுத்துப் போடுகிறேன், கொண்டு வா என்றார்.

அக்கா மூன்று வாரம் என் ஃபோனை எடுக்கவில்லை. அந்த நாட்களில் ஒன்றும் செய்ய முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. இரண்டு பக்கத்தை எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். பிறகு ஒரு சனிக்கிழமை ஒரு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன். "எழுதனியா?" என்றார். எழுதினேன் என்றேன். "கொண்டாந்து படி" என்றார்.

போன ஞாயிறு படித்தேன். இந்த முறை முதலிலேயே தமிழில் எழுதியிருந்தேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஆங்கிலத்திலும் மராட்டியிலும் போடுவது என்று வைத்திருந்தேன். அவர் காய் எதுவும் நறுக்கவில்லை. கையை மடியில் வைத்துக் கேட்டார். 'மிகுந்த பாசத்துடன் வளர்த்துவந்தார்' என்ற வரியில் நிறுத்தினார்.

"அத எடு. கணக்குக்கு ஒரு தடவ அடிச்சிருக்கேன் அவள. அத எழுது."

அதை எழுதினால் குழு என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"மறுபடி எனக்கு வேஷம் போடாத" என்றார்.

எழுதினேன். அடித்த அன்று இரவு குழந்தைதான் வந்து அவர் மேல் காலைப் போட்டுப் படுத்துக்கொண்டது என்பதையும் அவர் சொல்ல, அதையும் எழுதினேன். பேருந்தின் வழித்தட எண், ஏறும் நேரம், இறங்கும் நேரம், இருவரும் வீட்டுக்கு வந்து சேரும் நேரம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். என் தவறைப் பற்றிய நாலு வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். சரி, மேலே போ என்று தலையை மட்டும் அசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சோலாப்பூரிலிருந்து ஃபோன் வரும். பெரியப்பா அதில் ஒரு குறையும் வைப்பதில்லை. அன்றும் வந்தது. குழந்தை முதலில் மராட்டியில் ஆரம்பித்து, பிறகு ஞாபகம் வந்தது போலத் தமிழுக்கு மாறினாள். பேருந்தில் தன் இடத்தில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று கேட்டாள். யாரும் இல்லை என்றார் அக்கா. ஃபோனை வைத்தபிறகு என்னிடம், "ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு உக்காருது. இன்னா சொல்றது?" என்றார்.

நான் இப்போது எழுதும் இந்தக் கதையில் யாருடைய பெயரும் இல்லை. அக்கா வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். பெயர்களைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை, மாற்றவில்லை. இதையும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே விடுகிறேன்.

குழு செவ்வாய்க்கிழமை கூடுகிறது. எங்கள் இரண்டு பக்க மனு ஏற்றுக்கொள்ளப்படுமா என்று எனக்குத் தெரியாது. இந்த முறை அக்காவிடம் எத்தனை நாள் என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழந்தை இப்போது ஒரு புதுப் பள்ளியில், ஒரு புது வீட்டில், அவளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைக்கும் இரண்டு பேரோடு இருக்கிறாள். அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது சரியா என்று நாங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். விடுமுறைக்காவது அனுப்பச் சொல்லிக் கேளு என்று அக்கா கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த இரண்டு பக்கத்தில் இருப்பவர் அக்கா மட்டும் இல்லை. பெரியப்பா இருக்கிறார், குழந்தை இருக்கிறாள். அவர்களுக்கும் வாசித்துக் காட்டாமல் குழுவிடம் கொடுத்தால் நான் மறுபடி பழைய வேலையைத்தான் செய்கிறேன். ஆகவே சனிக்கிழமை காலை ரயிலில் சோலாப்பூர் போகிறோம். அக்கா விடுப்பு சொல்லிவிட்டார். நாங்கள் வருவது தெரியும், எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கு மராட்டியில் படிக்க வேண்டும். என் மராட்டி காய்கறிக் கடைக்கும் ரிக்‌ஷாவுக்கும் போதும், இதற்குப் போதாது. நாலு நாளாகக் கண்ணாடி முன் நின்று அந்த நாலு வரியைச் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். நாக்கு இன்னும் மூன்றாவது வரியில் தடுக்குகிறது. குழந்தைக்குத் தமிழில்தான் படிப்பேன். எழுதியதில் தப்பு இருந்தால் என்ன ஆகும் என்று அவள் அன்றைக்குக் கேட்டாளே, அதற்குச் சரியான பதிலை அங்கே உட்கார்ந்து சொல்லிப் பார்க்க வேண்டும்.